படியெடுக்கையில் நேரும் பிழைகள்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் ஆலயச் சுவரில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 15 கட்டில்களோடு இயங்கிய 'வீரசோழன்' என்னும் ஆதுலர்சாலையைப் பற்றி 11ஆம் நூற்றாண்டில் பொறித்தது அது. கல்வெட்டைப் படியெடுப்போர் கல்லைத் துலக்கி, நனைத்த தாளை அதன்மேல் பதித்துத் தட்டி, மை ஒற்றுவர். தாள் கிழிந்தால் வேறொரு தாள். கல் அங்கேயே நிற்கிறது.

நம் இல்லத் திருமணப் படங்களுக்கும் ஞானஸ்நானப் படங்களுக்கும் அப்படியொரு கல் இல்லை. கணிப்பொறியிலிருந்து பென் டிரைவுக்கு அவற்றை மாற்றுகையில் பலரும் 'கட்' கட்டளையைக் கொடுத்துவிடுகின்றனர். அப்போது கோப்பு நகலெடுக்கப்பட்டவுடன் மூலம் அழிக்கப்படும். ஆனால் திரையில் 'முடிந்தது' எனத் தோன்றினாலும், எழுத வேண்டியதில் ஒரு பகுதி இன்னும் நினைவகத்திலேயே காத்திருக்கலாம். அந்நேரம் டிரைவைப் பிடுங்கினால் மூலமும் இல்லை, படியும் இல்லை. ஆகையால் 'காப்பி' மட்டுமே கொடுங்கள். 'எஜெக்ட்' செய்து, மீண்டும் செருகி, படங்களைத் திறந்து பார்த்தபின் மூலத்தை அழிப்பதைப்பற்றி யோசிக்கலாம்.

டிரைவில் 20 ஜி.பி. இடம் காலியாக இருந்தும் 5 ஜி.பி. திருமண வீடியோ ஏற மறுக்கிறதா? டிரைவைக் குறை கூறாதீர்கள். அது 'ஃபேட் 32' முறையில் அமைந்திருக்கும். அம்முறையில் எந்தவொரு தனிக் கோப்பும் 4 ஜி.பி. அளவை எட்ட இயலாது. 'எக்ஸ்ஃபேட்' முறைக்கு மாற்றினால் ஏறும். மாற்றும்போது டிரைவில் உள்ளவை யாவும் அழியும் என்பதால், முதலில் அவற்றை வேறிடத்தில் வையுங்கள்.

தமிழில் பெயரிடுவோருக்கு மட்டும் ஒரு தனித் தொல்லை உண்டு. லினக்ஸ் கணிப்பொறிகளில் கோப்பின் பெயர் பொதுவாக 255 பைட்டுக்கு மேற்படலாகாது. ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். 'க' என்பதற்கு 3, 'கி' என்பதற்கும் 'க்' என்பதற்கும் 6. மணமக்கள் பெயர், பெற்றோர் பெயர், ஊர், தேதி என்று அழைப்பிதழையே பெயராக வைத்தால், விண்டோஸில் நன்றாயிருந்த கோப்பு அங்கே 'பெயர் நீளம்' என்று நின்றுவிடும். பெயரைச் சுருக்கினால் தீர்ந்தது. கேள்விக்குறி, முக்காற்புள்ளி ஆகியவற்றை விண்டோஸ் ஏற்காது என்பதையும் நினைவிற்கொள்க.

இவையெல்லாம் எளியவை. அஞ்ச வேண்டியது 'சைக்ளிக் ரிடன்டன்சி செக்' என்னும் அறிவிப்பு ஒன்றே. படித்த தரவு, எழுதியபோது இருந்த கணக்கோடு ஒத்துவரவில்லை என்பது அதன் பொருள். பழைய ஹார்டு டிஸ்க்கில் இது தோன்றினால், அதன் மேற்பரப்பு கெட்டுவருகிறது எனக் கொள்ளலாம். அதே கோப்பை மீண்டும் மீண்டும் இழுத்துப் பார்ப்பது நோயாளியை ஓடச்சொல்வது போன்றது. கேபிளை ஒருமுறை மாற்றிப் பாருங்கள். பிறகும் வந்தால், மறுக்கும் கோப்பை விட்டுவிட்டு, வேறெங்கும் கிடைக்காத படங்களை முதலிலும், சினிமாப் பாட்டுகளைக் கடைசியிலும் படியெடுங்கள். எஞ்சியதற்கு, தரவு மீட்பதில் பழகியவரிடம் டிஸ்க்கைக் கொடுக்கும்வரை அதற்கு மின்சாரம் தராதீர்கள்.