கார்னூலேயின் காவி ஓடை

பிரான்சு நாட்டின் கார் மாவட்டத்தில் அரசின் பிரதிநிதியாக நீம் நகரிலிருந்து நிருவாகம் நடத்தும் பிரீஃபெக்ட் அவர்களுக்கு,



செவென் மலையடிவாரத்துக் கார்னூலே ஈய, துத்தநாகச் சுரங்கம் 1962-இல் மூடப்பட்டபோது, உலோகத்தைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய ஏறத்தாழ 15 லட்சம் டன் கழிவுமண் ரெகூ ஓடையின் தலைப்பிலேயே ஓர் அணைக்குப் பின்னால் விட்டுவைக்கப்பட்டது. அம்மண்ணில் பைரைட் எனப்படும் இரும்புக் கந்தகக் கனிமமும் அதில் பொதிந்த ஆர்சனிக்கும் இருப்பதால், ஆக்சிஜன் கலந்த நீர் உள்ளே இறங்குந்தோறும் கந்தகம் கந்தக அமிலமாகி, இரும்பையும் ஆர்சனிக்கையும் கரைத்துக்கொண்டு அணையடியில் ஊற்றாக வெளிப்படுகிறது. சுரங்க அமில வடிகால் என்று அறிவியலார் குறிப்பது இதைத்தான். கண்ணுக்குத் தெளிவாகவே தோன்றும் அந்த ஊற்றுநீரில் லிட்டருக்கு 50 முதல் 350 மில்லிகிராம் வரை ஆர்சனிக் அளவிடப்பட்டுள்ளது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்போ 0.01 மில்லிகிராம். அளவிடப்பட்டவற்றுள் மிகக் குறைந்ததே அவ்வரம்பைப் போல் 5,000 மடங்கு.

இந்த ஓடையில் வியப்புக்குரிய ஒன்றும் நடக்கிறது. ஊற்றிலிருந்து சில அடி தள்ளிப் பார்த்தால் கற்களின்மேல் காவி நிறப் படிவு அடுக்கடுக்காக ஏறியிருக்கும். அமிலத்திலேயே வாழும் நுண்ணுயிர்கள் கரைந்த இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்து துருவாக்க, அத்துரு ஆர்சனிக்கைப் பற்றிக்கொண்டு படிவதால் உண்டாவது அது. தயோமோனாஸ் என்ற பேரினத்து நுண்ணுயிர், எளிதில் நகரக்கூடியதும் நச்சு மிகுந்ததுமான மூவிணைதிற ஆர்சனிக்கை, துருவோடு எளிதில் ஒட்டும் ஐயிணைதிற வடிவுக்கு மாற்றிவிடுகிறது. இவ்வாறு முதல் 30 மீட்டருக்குள்ளேயே நீரிலுள்ள ஆர்சனிக்கில் 20 முதல் 60 விழுக்காடு வரை பிரிந்துவிடுகிறது என்பது ஆய்வாளர் கண்ட உண்மை. எவரும் ஏவாமல், ஒரு காசு செலவில்லாமல் நடக்கும் வேலை இது.

ஆயினும் அதை நம்பி வாளாவிருத்தல் தகாது. எஞ்சிய ஆர்சனிக் ஒன்றரைக் கிலோமீட்டர் ஓடி அமூ ஆற்றில் கலக்கிறது. அங்கே அமிலம் தணிவதால் பெரும்பகுதி துகள்களோடு ஒட்டி ஆற்றுப்படுகையில் இறங்குகிறது. இறங்கியது மறைந்துவிட்டதாகாது. செவென் பகுதிக்கே உரிய இலையுதிர்காலப் பெருமழை, ஓடையின் காவிப் படிவையும் படுகையின் வண்டலையும் ஒருசேர வாரிக்கொண்டு, ரோமானியரின் கால்வாய்ப் பாலம் நிற்கும் கார்தோன் ஆற்றின் பக்கம் தள்ளிவிடுகிறது. நீண்டகாலம் உடலில் சேரும் ஆர்சனிக் தோலிலும் நுரையீரலிலும் சிறுநீர்ப்பையிலும் புற்றுநோய் விளைவிக்கும் என்பது ஐயத்துக்கு இடமற்றது.

சுரங்கம் நடத்தியவர் மறைந்தாலோ நொடித்துப்போனாலோ சேதத்துக்கு அரசே பொறுப்பு என்பது பிரெஞ்சுச் சட்டம் 1999-இல் ஏற்ற நெறி. ஆகவே அணையடியிலேயே, ஆர்சனிக் செறிந்திருக்கும் இடத்திலேயே, அந்த நுண்ணுயிர்களைக் கொண்டு இயங்கும் சுத்திகரிப்புத் தொட்டிகளை முழு அளவில் அமைக்க ஆணையிடுமாறு தங்களை இம்மடல் வேண்டுகிறது. சிறிய அளவில் அங்கேயே சோதிக்கப்பட்ட முறை அது; ஆனால் தொட்டியில் படியும் காவியை ஆண்டுதோறும் மழைக்கு முன் அள்ளிப் பாதுகாப்பாகப் புதைக்க நிலமும் நிதியும் ஒதுக்கப்படாவிட்டால், தொட்டியும் இன்னொரு கழிவுக்குட்டையாகவே முடியும். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் அமூவின் நீரிலும் வண்டலிலும் அளந்த ஆர்சனிக் அளவை, கரையோர ஊர்களின் நகரமன்ற வாயிலில், தோட்டத்துக்கு ஆற்றுநீர் இறைப்பவர் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில் ஒட்டுவிக்கவும் வேண்டுகிறது.