மருந்து கலக்கும்போது மனசு எங்கே?

கேள்வி: நெல்லுக்கு 2,4-டி களைக்கொல்லி அடித்த டேங்கிலேயே என் கணவர் மறதியாகப் பூச்சிமருந்து கலந்து கத்தரிக்கு அடித்துவிட்டார். இலையெல்லாம் நாராகச் சுருங்கி, தண்டு முறுக்கிக்கொண்டது. 30 சென்ட் போச்சு. கடன் யோசனையில் எதைச் செய்தாலும் இப்படித்தான் ஆகிறது. ‘ஆசிரமத்தில் போய்க் கொஞ்ச நாள் உட்கார்ந்தால் மனசு நிற்குமா’ என்கிறார். மாட்டையும் கொல்லையையும் யார் பார்ப்பது?

- வாசகி, கீழ்பென்னாத்தூர் வட்டம்

பதில்: முதலில் செடியைப் பார்ப்போம் அம்மா. 2,4-டி-க்கு முறிமருந்து கிடையாது. டானிக் என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அளவாகத் தண்ணீர் கட்டுங்கள். இரண்டு வாரத்தில் புதுத் துளிர் நேராக வந்தால் செடி தேறும். அதுவும் முறுக்கினால் உழுதுவிடுங்கள். இப்போதுள்ள காயைச் சமைக்கவோ விற்கவோ வேண்டாம். டேங்க், குழாய், நாசில் மூன்றிலும் இந்த மருந்து ஒட்டியிருக்கும், வெறும் தண்ணீரில் அலசினால் போகாது. களைக்கொல்லிக்குத் தனி டேங்க் வைத்து, சிவப்பு பெயின்ட் அடித்துவிடுங்கள்.

இனி மனசு. 1896-இல் 16 வயதில் நம் ஊருக்கு வந்து, 1950-இல் மறையும் வரை மலையை விட்டு அகலாத ரமணர், பல ஆண்டுகள் விடியும் முன்பே ஆசிரமச் சமையலறையில் காய் நறுக்கினார், சட்னி அரைத்தார். சிந்திய அரிசியைக்கூடப் பொறுக்கி எடுப்பார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்ட குடும்பஸ்தர்களை, வேலையைச் செய்துகொண்டே ‘நான் யார்’ என்று உள்ளே பார்க்கச் சொன்னார். ஆன்ம விசாரம் பேச எனக்குத் தகுதியில்லை, நான் படித்தது வேளாண்மை. ஆனால் காய் நறுக்கும்போது காயில் இருந்த அந்தக் கவனம் மருந்து கலக்கும் இடத்துக்கும் பொருந்தும்.

டப்பா மூடியைத் திறக்கும் முன் போனை வரப்பில் வைக்கட்டும். என்ன மருந்து, எந்தப் பயிருக்கு, டேங்கில் கடைசியாக என்ன இருந்தது என்று வாய்விட்டுச் சொல்லட்டும். கடன் நினைப்பு வரத்தான் செய்யும். அதோடு சண்டை வேண்டாம். கையை நிறுத்திவிட்டு, அது அடங்கியதும் தொடரட்டும்.

சாயங்காலம் பால் கறந்த பிறகு, இன்று எப்போது மனசு வேலையை விட்டுப் போனது என்று ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதட்டும். என்னிடமும் அப்படியொரு நோட்டு உண்டு. ஒருமுறை போனில் பேசிக்கொண்டே, ஏக்கருக்கான அளவை ஒரு டேங்குக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த விவசாயி திரும்பி வந்து கேட்டதால் பயிர் பிழைத்தது. புரட்டிப் பார்த்தால், என் பிழைகள் பெரும்பாலும் மதியம் சாப்பிடாத நாளில் நடந்தவை! உங்கள் வீட்டில் அது தவணை கட்டும் வாரமாக இருக்கலாம். அப்படியென்றால் அந்த வாரம் மருந்தடிப்பு வேண்டாம்.

ஒன்று முக்கியம். தூக்கம் இல்லாமல், சாப்பாடு இறங்காமல், ‘இருந்து என்ன’ என்பதுபோல் பேசினால் அது வெறும் மறதி இல்லை. மருந்து டப்பாக்களை இன்றே பூட்டிச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் சுற்றிவர ஆசைப்பட்டால் போய்வரட்டும். ஒரு ராத்திரி மாட்டை நீங்கள் பார்த்துக்கொள்ள மாட்டீர்களா? துளிர் எப்படி வந்தது என்று எழுதுங்கள்.