உப்புத் தண்ணீருக்கு ‘ஆர்.என்.ஏ. குஞ்சு’ வாங்கலாமா?

கேள்வி: பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு, சாதாக்கெண்டை வளர்க்கிறேன். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்பு. “ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்த, உப்பு தாங்கும் குஞ்சு” என்று ஒரு வியாபாரி இரண்டு மடங்கு விலை சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகர் ஒருவர், மங்கலம்.

பதில்: வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

மரபணுவிலிருந்து வேலைக்காக எடுக்கப்படும் நகல்தான் ஆர்.என்.ஏ. அந்த நகலில் சில பகுதிகளை வெட்டி நீக்கி, மீதியை ஒட்டித்தான் செல் பயன்படுத்தும். உங்கள் ஊர் பனியன் கம்பெனியில் ஒரே துணியை வெட்டுகிற விதத்தில் ஒன்று முழுக்கை, ஒன்று கையில்லாதது என்று ஆகிறதல்லவா? அதேபோல ஒரே மரபணுவிலிருந்து வெவ்வேறு புரதங்கள் வரும்.

வழக்கமான கருவிகள் ஆர்.என்.ஏ.வை 100, 150 எழுத்துள்ள துண்டுகளாகப் படிக்கும். கட்டிங் வேஸ்ட்டைப் பார்த்து எந்த பனியன் தைத்தார்கள் என்று சொல்வது போன்ற சிரமம் அது. புதிய கருவிகள் ஆயிரக்கணக்கான எழுத்துகளை ஒரே மூச்சில் படிக்கும். முழு பனியனும் கைக்கு வந்துவிடும். மீனுக்கு இது மிகவும் தேவை. கட்லா, ரோகுவுக்கு 50 குரோமோசோம்; சாதாக்கெண்டைக்கு 100. அதில் பல மரபணுக்கள் இரட்டைப் பிள்ளைகள்போல இருப்பதால், சிறு துண்டு எதனுடையது என்று பிரிப்பது கடினம்.

ஆனால் இது ஆராய்ச்சிக்கூட வேலை. உப்பைச் சமாளிப்பதை அறிய, செவுள், சிறுநீரகம் போன்ற உறுப்புகளை எடுத்து உடனே உறைய வைப்பார்கள். அப்படிச் சோதித்த குஞ்சு விற்பனைக்கு வராது. தவிர, ஆர்.என்.ஏ. அளவு தண்ணீர், வெப்பம், தீவனத்துக்கேற்ப மாறும். அன்றைய நிலையைத்தான் காட்டும்.

நம் நாட்டில் தேர்வுமுறையில் உருவான ‘ஜெயந்தி’ ரோகுவை புவனேஸ்வர் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் வெளியிட்டது. அதுவும் வேகமான வளர்ச்சிக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததே, உப்புக்காக அல்ல.

நீங்கள் செய்ய வேண்டியது: முதலில் தண்ணீரைப் பரிசோதியுங்கள். லிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு இருந்தால் கெண்டை இனங்களைத் தவிருங்கள். குறைவாக இருந்தாலும், வலைக்கூண்டில் பத்துக் குஞ்சுகளை விட்டு மூன்று நாள் பாருங்கள். பிழைத்தால் மற்றவற்றை வாங்குங்கள். சாயக்கழிவு கலந்த தண்ணீர் என்று சந்தேகம் இருந்தால், மீன் பிழைத்தாலும் அதை உணவுக்கு வளர்க்காதீர்கள்.

குஞ்சுக்குக் கொடுக்கவிருந்த கூடுதல் பணத்தில் தண்ணீர்ப் பரிசோதனையை முடித்துவிடலாம்.