இருண்ட திரை



சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின், காரியாபட்டியில் பட்டாசுத் தொழிலாளர் ஒருவர் தம் மகளுடன் நம்மைக் காண வந்தார். கையில் ஒரு மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கப்பெற்ற அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ், மேல்நிலைப் பள்ளியில் அப்பெண் பெற்றது அது.

"திரை இருண்டுபோச்சு சாமி. எந்திரமே செத்துப்போச்சு, வந்த விலைக்குத் தள்ளிடுங்கன்னு கடையில சொல்றாங்க" என்றார் தந்தை. கல்லூரிக் குறிப்புகள் யாவும் அதற்குள் இருந்தமையால் மகள் தலைகுனிந்து நின்றாள். நாமும் விற்றுவிடச் சொல்ல வாயெடுத்தோம். அப்போதுதான் அவள் மெல்லக் கேட்டாள்: "ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பாக்கலாமா சாமி?"

அவள் கேட்டதன் பொருளை அறிய, திரை இயங்கும் விதத்தைச் சற்றே காண்போம். சிவகாசி நாட்காட்டியை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால், படம் மறைந்து வண்ண மைப்புள்ளிகளே தெரியும் அன்றோ? கணினித் திரையும் அத்தகையதே. இங்கு இருப்பவை சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள். மலிவு விலைக் கணினிகளில் பரவலாயிருந்த 1366 × 768 அளவுத் திரையில் அத்தகைய முப்புள்ளித் தொகுதிகள் பத்து லட்சத்திற்கும் மேல். ஒவ்வொன்றின் நிறமும் நினைவகத்தில் எண்ணாகக் குறிக்கப்பட்டிருக்கும். அவ்வெண்களை வரிவரியாகப் படித்து, பொதுவாக நொடிக்கு 60 முறை திரைக்கு அனுப்புவதே காட்சிக் கட்டுப்பாட்டுச் சில்லின் பணி. வரிக்கு எத்தனை புள்ளி, மொத்தம் எத்தனை வரி, நொடிக்கு எத்தனை முறை என்னும் ஏற்பாட்டையே 'காட்சி முறை' என்கிறோம். ஆயினும் இத்தகைய திரைக்குச் சொந்த ஒளி இல்லை. பின்னாலுள்ள விளக்கே ஒளி தருகிறது. அவ்விளக்கு அணைந்தாலும் படம் அங்கேயே இருக்கும்.

கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தோம். மங்கலாக எழுத்துகள் தெரிந்தன! பின்னர் மறைக்கல்வி வகுப்பின் புரொஜெக்டரில் இணைத்தோம்; சுவரில் படம் விழுந்தது. எழுத்துகள் மட்டும் நெருங்கி மசங்கியிருந்தன. அந்தப் புரொஜெக்டரின் இயல்பான அளவு 1024 × 768. காட்சி முறையை அந்த அளவுக்கு மாற்றியதும் அவை தெளிந்தன. ஆகவே, கட்டுப்பாட்டுச் சில்லு நலமே என்பது உறுதியாயிற்று. முதல் வேலையாக மகள் தன் குறிப்புகளைப் பிரதியெடுத்துக்கொண்டாள். மதுரையில் பழுதுபார்ப்பவர் ஒருவர், மூடியின் கீலருகே நைந்துபோயிருந்த வடத்தை மாற்றிக் கொடுத்தார். புதுத் திரை தேவைப்படவில்லை.

திரை இருண்டால் இவ்விரு சோதனைகளையும் செய்து பாருங்கள். இரண்டிலும் படம் தோன்றாவிடில் மட்டும் பழுது உள்ளே இருக்கலாம் என ஐயுறுங்கள்.

இன்னொன்றும் உண்டு. தந்தையும் கடைக்காரரும் நாமும் முடிவெடுக்க முனைந்தோமேயன்றி, அக்கணினியை நாள்தோறும் கையாண்டவளை ஒரு வார்த்தை கேட்டோமில்லை. பிள்ளைகளின் பொருளைப் பற்றி முடிவெடுக்குமுன் பிள்ளைகளையும் கேட்போமாக.