குறுக்கே வந்த பிள்ளையை யார் காப்பது?

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய லைன் வீடுகளில் சுவருக்கு அந்தப் பக்கம் தெலுங்கு கேட்கும், இந்தப் பக்கம் ஒடியா கேட்கும். அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். ‘ழ’ வராமல் திணறும் பையன் பாடம் வாசித்தால் பின்வரிசையில் சிரிப்பு. சாப்பாட்டு நேரத்தில் அவனுடைய டிபன் பாக்ஸ் மூடி கைக்குக் கை பறக்கிறது. வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க, ஒருத்தி மட்டும் எழுந்து போய் மூடியைப் பிடுங்கி அவனிடம் கொடுக்கிறாள்.

அது அவளுடைய பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். அந்தப் பதிலை ஏற்பதற்கில்லை. சும்மா இருந்தவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. குறுக்கே போனால் நாளைக்குப் பறப்பது தன்னுடைய மூடி என்று அவர்களுக்குத் தெரியும். மிஸ்ஸிடம் சொன்னால் ‘போட்டுக் கொடுக்கிறவன்’ என்ற பட்டம். வீட்டில் சொன்னால், நைட் ஷிஃப்ட் முடித்து வந்த அப்பா, “பிழைக்க வந்த ஊர்ல உனக்கெதுக்குடா வம்பு?” என்கிறார். ஒப்பந்த வேலையும் வாடகை வீடும் அவரை அப்படிப் பேச வைக்கின்றன. ஆனால் பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: தட்டிக் கேட்டால் தனியாள்.

டொரோண்டோ பள்ளி மைதானங்களில் படம்பிடித்து ஆராய்ந்தவர்கள் 2001-இல் வெளியிட்ட முடிவு இது. சீண்டல் நடந்த 10 தடவையில் ஏறத்தாழ 9 தடவை சக மாணவர்கள் அருகில் இருந்தார்கள். யாராவது தலையிட்டது 5-இல் 1 தடவைதான். தலையிட்டபோதோ, பாதிக்கு மேல் 10 விநாடிக்குள் சீண்டல் நின்றுபோனது. வெறும் 10 விநாடி!

நாங்குநேரியில் அது நின்றுபோகவில்லை. சாதியின் பெயரால் சக மாணவர்கள் தந்த தொல்லையால் பள்ளிக்குப் போகாமல் நின்ற பட்டியலின மாணவர், பள்ளியில் விஷயத்தைச் சொன்னார். 2023 ஆகஸ்ட் 9 இரவு, வீடு தேடி அரிவாளோடு வந்தார்கள். தடுக்கப் போன தங்கையும் வெட்டுப்பட்டாள். அண்ணனுக்காக அந்தச் சிறுமி நீட்டிய கையை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. புகார் சொன்ன பிள்ளைக்கு அந்த ஒரு இரவுக்குக்கூட நாம் காவல் நிற்கவில்லை.

நம் மாவட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2024 ஆகஸ்டில் பர்கூர் அருகே தனியார் பள்ளியில் நடந்த போலி என்.சி.சி. முகாமில் மாணவிகள் பாலியல் கொடுமைக்கு ஆளானார்கள். விஷயத்தை மறைத்ததாகப் பள்ளி முதல்வரும் கைதானார். பெரியவர்களே வாயை மூடிக்கொண்டால், எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் துணிவை எதிர்பார்க்க நமக்கு என்ன தகுதி?

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிகளுக்கு நல அலுவலர்கள் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. பல மாநிலப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் ஓசூருக்கு அவர்களை முதலில் அனுப்ப வேண்டும். அடுத்தவனுக்காகப் புகார் சொன்ன பிள்ளையின் பெயர் வெளியே வரக்கூடாது. அவன் பத்திரமாக வீடு போய்ச் சேரும்வரை பொறுப்பு தலைமையாசிரியருடையது.

பெற்றோரே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தேர்ச்சி விகிதத்தைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: நண்பனுக்காக வந்து சொன்ன பிள்ளைகள் இந்த வருஷம் எத்தனை பேர், அவர்களுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?