கிசுமுல என்ன இருக்கு? மாம்பலத்துல என்ன இருந்துச்சு?

கென்யா போயிட்டு வந்தேன்னு சொன்னா எல்லாரும் கேக்கற முதல் கேள்வி, "சிங்கம் பாத்தியா?" பார்க்கலை சாமி. ஆபீஸ் வேலையா நைரோபி போனவனுக்கு ஒரே ஒரு வார இறுதிதான் கிடைச்சுது. மசாய் மாரா போற செலவைக் கேட்டதுமே தலை சுத்திடுச்சு. அதனால ராத்திரி பஸ் ஏறி கிசுமு போயிட்டேன். விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கிற ஊர். "அங்க என்னய்யா இருக்கு? ஒண்ணுமில்லையே!"ன்னு நைரோபியில இருந்த நம்ம ஆளுங்களே சிரிச்சாங்க.

அந்த "ஒண்ணுமில்ல"யைப் பத்திதான் இந்தப் பதிவு.

முதல்ல ஏரி. ஏரின்னு சொல்ல எனக்கு வாய் வரலை. 68,000 சதுர கிலோமீட்டருக்கு மேல. தமிழ்நாடே 1,30,000 தான், அதாவது நம்ம மாநிலத்துல பாதிக்கு மேல தண்ணி! அலை அடிக்கும், வாயில வச்சா உப்பு மட்டும் இருக்காது. மெரினாவில் வளர்ந்தவனுக்கு மூளை ஒத்துக்கவே பத்து நிமிஷம் ஆச்சு.

ஊருக்குள்ள சுத்தினா பாதி நம்ம ஊர் மாதிரியே இருக்கு. ஆட்டோவை டுக்டுக்குங்கறாங்க. ஓசூர்ல பொறந்த டிவிஎஸ் பைக் மூணு பேரைச் சுமந்துக்கிட்டுப் போகுது. சப்பாத்தி, சாய் ரெண்டும் அவங்க பாஷையிலயும் அதே பேர்தான். காரணம் ரயில். 1896ல் மொம்பாசாவில் ஆரம்பிச்ச உகாண்டா ரயில்வே 1901 டிசம்பரில் இந்த ஏரிக்கரையைத் தொட்டுச்சு. அப்ப இதுக்கு போர்ட் ஃப்ளாரன்ஸ்னு பேர். அந்தப் பாதையைப் போட இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, கூட்டிட்டுப் போன கூலிகள் சுமார் 32,000 பேர். கிட்டத்தட்ட 2,500 பேர் அங்கேயே செத்துப் போனாங்க. சிங்கம் சிங்கம்னு கேக்கறீங்களே, 1898ல் சாவோவில் ஆளைத் தின்ன சிங்கங்களுக்கு இரையானதிலும் இவங்கதான் இருந்தாங்க. நம்ம பீச் - தாம்பரம் ரயில் மாதிரியே மீட்டர் கேஜ். நம்மளோடது போயிடுச்சு, அங்கே தண்டவாளம் இன்னும் கிடக்கு.

சுற்றுலாக் குறிப்புகளில் போட்டிருக்கிறதை எல்லாம் வேகமா சொல்லிடறேன். இம்பாலா சரணாலயம் சின்னது, ஏரிக்கரையை ஒட்டியே இருக்கு, நடந்தே பார்த்துடலாம். கிட் மிகாயின்னு ஊருக்கு வெளியே ஒரு பாறைக் குவியல், மகாபலிபுரத்து வெண்ணெய்த் திரட்டுப் பாறையைப் பார்த்தவனுக்கு அசராது. ஹிப்போ பாயிண்ட்ல நான் போனப்ப ஹிப்போ வரலை, சூரியன் மட்டும் ஒழுங்கா வந்து மறைஞ்சுது :-)

ஆனா டுங்கா கரை இருக்கே... அதுக்காக இன்னொரு தடவை பஸ் ஏறலாம். மீனவக் குப்பம்தான். படகுகளுக்கு அவனவன் இஷ்டத்துக்குக் கலர் அடிச்சிருக்கான். ஒமேனான்னு நெத்திலி மாதிரி பொடி மீன், தரையில பரப்பிக் காயப் போட்டிருக்காங்க. வாசனை அச்சு அசல் நம்ம கருவாடு. முழு திலாப்பியாவைப் பொரிச்சு, உகாலியோட தட்டில் வச்சாங்க. உகாலின்னா மக்காச்சோளக் களி, அவ்வளவுதான். கையாலதான் சாப்பிடணும். நான் பிசைஞ்சு சாப்பிட்ட அழகைப் பார்த்து கடைக்கார அம்மா இன்னொரு உருண்டை வச்சுட்டுப் போனாங்க. பக்கத்துல ஸ்கூல் பசங்க காலைத் தண்ணியில விட்டுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. டிக்கெட் இல்ல, கேட் இல்ல, "உட்காராதீர்"னு போர்டு இல்ல.

அங்க உக்காந்துதான் எனக்கு மாம்பலம் ஞாபகம் வந்துச்சு.

நம்ம ஊரும் ஏரிக்கரை ஊர்தாங்க. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரைக்கும், மவுண்ட் ரோடுக்கு மேற்கே, லாங் டேங்க்னு ஒரு நீண்ட ஏரி கிடந்தது. போட் கிளப்காரங்க அதுல படகுப் போட்டியே நடத்தியிருக்காங்க. 1920களில் அதை வடிச்சு, பிளாட் போட்டு, தியாகராய நகர்னு பேர் வச்சோம். மிச்சம் இருந்ததையும் அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா முடிச்சோம். 1976ல் திறந்த வள்ளுவர் கோட்டமும் ஏரி நிலம்தான். இப்ப மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடு இருக்கு. லேக்கும் இல்ல, வியூவும் இல்ல. நுங்கம்பாக்கத்துல டேங்க் பண்ட் ரோடு இருக்கு, டேங்கைக் காணோம். பேரை மட்டும் பத்திரமா வச்சிருக்கோம்.

தண்ணி மறக்கலை. 2015 டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலை, கோட்டூர்புரத்துல எங்க தரைத்தள வீட்டுக்குள்ள அடையாறு வந்துச்சு. அம்மாவைக் கையைப் பிடிச்சு மாடி வீட்டு மாமிகிட்ட விட்டுட்டுத் திரும்பி இறங்கினா, மூணாவது படி வரைக்கும் தண்ணி. அப்பாவோட புஸ்தக அலமாரி அப்படியே சாய்ஞ்சு மிதந்தது. அதுக்கப்புறம் அம்மாவுக்கு மழைன்னாலே தூக்கம் கிடையாது. இத்தனை வருஷம் ஆத்தங்கரையில குடியிருந்தும், நான் அந்த ஆத்தை அவ்வளவு கிட்டத்துல பார்த்தது அன்னிக்குத்தான். மத்த நாள்ல பாலத்து மேல பஸ்ஸில் போறப்ப மூக்கைப் பொத்திக்கிட்டுப் பார்க்கிறதோட சரி. கீழே இறங்க ஒரு படி கிடையாது.

கிசுமு ஒண்ணும் சொர்க்கம் இல்ல, அதையும் சொல்லிடணும். ஊர்ச் சாக்கடை அங்கேயும் ஏரிக்குத்தான் போகுது. நம்ம அடையாத்துல மிதக்கிற அதே ஆகாயத்தாமரை அங்கே ஏரியை அடைச்சு, படகு நகர முடியாம பண்ணி, 90களில் வண்டு விட்டு அடக்கிப் பார்த்தாங்க. இன்னும் காத்தடிச்சா கரை ஒதுங்குது. 2020ல் ஏரி 1964ஆம் வருஷத்து உச்சத்தையும் தாண்டி ஏறி, கரையோர ஜனங்களை வீட்டை விட்டுத் துரத்துச்சு. டுங்காவுல அந்தத் தண்ணி எது வரைக்கும் வந்துச்சுன்னு ஒருத்தர் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். நான் என் இடுப்பைத் தொட்டுக் காட்டினேன். பாஷை தேவைப்படலை.

இதையெல்லாம் ஒரு நண்பன்கிட்ட சொல்லி, கோட்டூர்புரத்துலயும் ஆத்தங்கரைக்கு நாலு படி வேணும், உக்கார இடம் வேணும்னேன். "அந்த நாத்தத்துல எவன்டா உக்காருவான்?"ன்னான். நான் சொல்றது தலைகீழ்: எவனும் உக்காராததாலதான் நாறுது. டுங்காவுல தண்ணி கெட்டா அன்னிக்கே மீன்காரனுக்குத் தெரியும், அவன் கத்துவான். அடையாறு கெட்டா இங்க யாருக்குத் தெரியும், யார் கத்துவா?

அவன் இன்னொண்ணும் கேட்டான், அதுக்குத்தான் பதில் சொல்ல முடியலை. "கரையை அழகுபடுத்தறேன்னு சொன்னா முதல்ல யாரைத் தூக்குவாங்க?" வெள்ளத்துக்கு அப்புறம் அடையாத்தங்கரை குடிசைக் குடும்பங்களை பெரும்பாக்கத்துக்கு அனுப்பினது நமக்குத் தெரியும். கிசுமுலயும் கரையோர மீன் கடை வரிசை ஒண்ணை இடிச்சுத் தள்ளியிருக்காங்க. எனக்கு உகாலி போட்ட அம்மா இல்லாத டுங்காவை நினைச்சுப் பார்த்தேன். புல்தரை, கிரானைட் பெஞ்ச், பத்து ரூபாய் டிக்கெட். அப்படி ஒரு கரை வேண்டாம்தான்.

நாலு படி போதும். படியில் கருவாடு காயப் போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்ல.