வீடியோ விளையாட்டும் செவியும்

ஆத்தூரில் நம் வீடுகள் பல சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு வீட்டில் நள்ளிரவிலே வீடியோ விளையாட்டு முழங்கின், அடுத்த வீட்டு நோயாளி உறங்குவதெங்ஙனம்? ஆதலின் விளையாடுவோர் ஹெட்போன் அணிதல் சாலச் சிறந்ததே. ஆயினும், அதனை யந்திரத்தின் ஒலிமுனையில் நேரே இணைத்துவிடுதல் சிக்கனமாம் என்போர் கூற்றை யாம் ஒப்புவதற்கில்லை.

2000-ஆம் ஆண்டில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 2 போன்ற பழைய யந்திரங்களின் சிவப்பு, வெள்ளை முனைகள் தொலைக்காட்சிக்கும் ஆம்ப்ளிபையருக்கும் ஒலியை அனுப்புதற்கென அமைந்தவை. அவற்றின் உட்புகு தடை பெரும்பாலும் 10,000 ஓமும் அதற்கு மேலுமாம். சாதாரண ஹெட்போனோ ஏறக்குறைய 32 ஓமே. அதனை இயக்குதற்கு வேண்டிய மின்னோட்டத்தை அம்முனை அளிக்கமாட்டாது. ஓசை மெலியும், தாழ்ந்த சுரங்கள் மங்கும். ஹெட்போன் பழுதென மயங்கி வேறொன்று வாங்கினும் குறை தீராது.

2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4-இன் கன்ட்ரோலரிலேயே ஹெட்போனுக்குரிய துளை உண்டு. பழைய யந்திரம் உடையோர், ஓசையைக் கூட்டவும் குறைக்கவும் திருகுள்ள சிறு ஹெட்போன் ஆம்ப்ளிபையர் ஒன்றை இடையே வைத்தல் வேண்டும்.

அத்திருகே நம் செவிக்குக் காவல். வயது வந்தோர் 80 டெசிபெல் ஓசையை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபெலாயின் 4 மணி நேரமே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உரத்த ஓசையால் கெட்ட செவிப்புலன் மீள்வதரிது. அயலான் துயிலைக் காக்க முற்பட்ட நாம் நம் செவியை இழத்தல் தகுமோ? திருகைத் தாழ்த்தியே விளையாடுவோமாக.